முறிந்த அச்சு

எங்கள் ஊரின் பெயர் பிரோக்கன் ஆக்ஸில்.
கொலராடோ மலையில் ஒன்பதாயிரத்து நானூறு அடி,
நாற்பத்தொரு வீடு, ஒரு தபாலாபீஸ்.
நவம்பர் பத்தாம் தேதி போகிற வெயில்
பிப்ரவரி மூன்றில் திரும்பி வரும்.
அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு.

இப்படியோர் இடத்தில் எவன் ஊர் கட்டுவான்?
என் கொள்ளுப்பாட்டன் கட்டினான்.
ஜேபெஸ் டிரெகியர்,
கார்ன்வாலில் பத்து வயதில் சுரங்கத்தில் இறங்கியவன்.
கணவாய்க்கு அந்தப்பக்கம் வெள்ளி கிடைக்கிறதென்று
மனைவியோடு வண்டியேறிப் போகையில்
இங்கே அச்சு முறிந்தது.
இறங்கினான். சுற்றிலும் பார்த்தான்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு
"இதுவே போதும்" என்றானாம்.

ஜூலைதோறும் குடும்பம் கூடும்,
இந்த இரண்டு சொல் குட்டி போடும்.
ஹார்லன் பெரியப்பா சொன்னால் ஒரு கரடி வரும்,
மொன்டானாக்காரர்கள் சொன்னால் இரண்டு.
முதல் குளிர்காலத்துப் பனி
என் அப்பா காலத்தில் இடுப்பளவு.
இப்போது கூரையைத் தாண்டிவிட்டது.
"ஈ காக்கை இல்லாத காடு" என்பதில் மட்டும்
எல்லோருக்கும் ஒரே குரல்.
ஆனால் அவன் தீ மூட்டிய கல்வட்டம் இன்னும் இருக்கிறது.
அந்தக் கற்கள் அவனுக்கு முன்பே கரி பிடித்தவை.
கோடைதோறும் வந்து தங்கிய யூட் மக்களின் அடுப்பு.
மறுவருடமும் வந்தார்கள்,
வேலியைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்கள்,
போய்விட்டார்கள்.
கதையில் அவர்களுக்கு இடமில்லை.
கரடிக்கு இருக்கிறது.

கெசையாவுக்கு ஒரே ஒரு வரி:
"அவளும் கூட வந்தாள்."

போன அக்டோபரில் பழைய கொட்டகையைப் பிரித்தோம்.
மச்சான் ஓரின் உத்தரத்தில் ஏறி
தூசியோடு எதையோ கீழே தள்ளினான்.
ஹிக்கரிக் கட்டை, இரண்டு துண்டு,
நுனிகளில் இரும்புப் பூண்,
வேலிக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தது.
"இதுவா அது?" என்றான்.

கம்பியை அவிழ்த்தேன்.
இருபத்திரண்டு வருடம் மர மில்லில் நின்றவன் நான்.
மரம் முறிந்தால் நார்நாராய்ப் பிய்யும்.
இதில் முக்கால்வாசி வழவழப்பு,
ரம்பப் பல்லின் கோடுகள் வரிசையாக.
அடியிலிருந்து மேல்நோக்கிப் போட்ட அறுப்பு,
வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துப் போட்டது.
மிச்சக் கால்வாசிதான் முறிவு.
நடுவில் ஓரிடத்தில் கோடு நின்று
அரை விரல் தள்ளி மறுபடி தொடங்குகிறது.
மேலே யாரோ புரண்டு படுத்திருக்கலாம்.

ஓரின் விசிலடித்தான்.
"கிழவனே அறுத்தானா?"
எனக்கு அப்போது பேச்சு வரவில்லை.

ஓடைக்கு மேலே கல்லறைத் தோட்டம்.
அதில் முதல் கல் முழங்கால் உயரம்கூட இல்லை.
பெயர் கிடையாது.
'டிரெகியர். பதினோரு நாள்.
1876 செப்டம்பர் 4.'
ஊர் பிறந்த நாளென்று நாங்கள் கேக் வெட்டுவது
செப்டம்பர் 6.
இரண்டு தேதியையும் பள்ளிக்கூடத்தில்
மனப்பாடமாய் ஒப்பித்தவன் நான்.
ஒன்றிலிருந்து ஒன்றை
கழித்துப் பார்த்ததே இல்லை.

அன்றிரவு தூக்கம் பிடிக்காமல் யோசித்தது இது:
சுரங்கத்துக்கு முட்டு அறுத்து வளர்ந்தவனுக்கு
ரம்பத்தின் தடம் தெரியாதா?
குனிந்து பார்த்திருப்பான்.
விரலால் தடவியும் பார்த்திருப்பான்.
விறகுக்குக் குறைச்சலான அந்தக் குளிர்காலத்தில்
நல்ல ஹிக்கரியை எரிக்காமல்
யார் கட்டி மேலே வைத்தது?

கம்பியைப் பழைய தடத்திலேயே முறுக்கி
என் ட்ரக்கில் போட்டு வைத்தேன்.

இந்த ஜூலையில் கரடி மூன்று.
ஹார்லன் பெரியப்பா அச்சு முறிந்த இடத்துக்கு வந்தார்,
எழுந்து நின்றார்,
சுற்றிலும் பார்த்தார்,
தன் பேஸ்பால் தொப்பியைக் கழற்றினார்.
வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள்.
ஓரின் மட்டும்
மேசைக்கு அந்தப்பக்கத்திலிருந்து
என்னைப் பார்த்தான்.